பத்திரமில்லாத நாற்காலி

குரு தமயந்திக்கு இன்னும் நாற்பது நிறையவில்லை. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பாதி ஆயுள் குப்பை கொட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, சட்டம் படித்து, கோவையில் வழக்கறிஞர் தமயந்தியிடம் ஜூனியராகச் சேர்ந்தவர். மனிதர் தங்கம். ஆனால் பத்திரத்தில் இல்லாத எதுவும் இந்த உலகத்திலேயே இல்லை என்பது அவர் கட்சி.

அந்தத் திங்கட்கிழமை ஷாகிரா என்ற பெண் வந்தாள். பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவள். அவிநாசி ரோட்டில் ஒரு கோ-ஒர்க்கிங் கட்டடம். ஒரே கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு தொழில் பார்ப்பார்கள். அங்கே ஜன்னலோர மேஜை ஒன்றில் இரண்டு வருடமாக இருந்தாள்.

"காலைல போனா கார்டு வேலை செய்யலீங்க. கதவே தொறக்கல. மாடி முழுசும் ஒரே கம்பெனிக்குக் குடுத்துட்டாங்களாம். என் சாமானையெல்லாம் அட்டைப்பெட்டில போட்டு ரிசப்ஷன்ல வெச்சிருந்தாங்க."

"உங்களுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று கேட்டார் தமயந்தி.

"வியாழக்கிழமை எக்ஸ்போர்ட் கம்பெனில இருந்து என் ஆபீஸைப் பாக்க வர்றாங்க. ஒரு வருஷத்து வேலைங்க அது. அவங்ககிட்ட குடுத்ததும் அந்த அட்ரஸ்தான். அப்படி யாரும் இங்க இல்லைன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிட்டா எல்லாம் போச்சு." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

நாச்சிமுத்து அவளுடைய ஒப்பந்தத்தை மூன்று முறை படித்தார். வாடகைச் சட்டத்தைப் புரட்டினார். லாட்ஜுக்கான விதி, ஹாஸ்டலுக்கான விதி, கடைகளுக்கான விதி என்று ஒன்றையும் விடவில்லை. அந்த மேஜை எதற்குள்ளும் அடங்க மறுத்தது. சாயங்காலம் தமயந்தியின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், இந்தப் பொண்ணு வாடகைதாரர் இல்லீங்க. 'உறுப்பினர்'னுதான் போட்டிருக்கு. உக்கார அனுமதி, அவ்வளவுதான். குடுத்தவங்க எப்ப வேணா எடுத்துக்கலாம்னு பத்தாவது ஷரத்துல தெளிவா இருக்குதுங்க."

"சரி."

"இந்த மாதிரி எடத்துக்குன்னு தனிச் சட்டமும் கெடையாது. எதுல கொண்டுபோய் நிறுத்தறதுங்க?"

"நீங்க என்ன நெனைக்கறீங்க சார்?"

"பாவமாத்தான் இருக்குது. ஆனா கேஸ் இல்லீங்க மேடம்."

தமயந்தி ஒப்பந்தத்தை வாங்கி மூடி வைத்தார். "நாளைக்குப் பேசிக்கலாம், நீங்க கெளம்புங்க" என்றார்.

மறுநாள் காலை நாச்சிமுத்து வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்தார். அவருடைய மேஜையில் ஷாகிரா உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய கண்ணாடிக்கூடு, டம்ளர், குறிப்பு நோட்டு, மருதமலை முருகன் படம் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. பெட்டி வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஷாகிரா பதறி எழுந்தாள். "சார், மேடம்தான் இங்க உக்காரச் சொன்னாங்க."

"நீ உக்காரும்மா" என்றார் நாச்சிமுத்து. வாய்தான் அப்படிச் சொன்னது. பக்கத்து மேஜைக் குமாஸ்தா குனிந்த தலை நிமிராமல் எதையோ எழுதுகிற மாதிரி பாவனை செய்தார். அதுதான் இவருக்கு இன்னும் சுட்டது. பெட்டிக்குள் முருகன் குப்புறக் கிடந்தார். முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் கத்தியிருக்கிறார்கள், ஒருநாளும் இப்படிக் கூசிப்போனதில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தமயந்தியின் அறைக்குள் போனார்.

"என்ன சார், பெட்டியோட?"

"என் மேஜைங்க மேடம்..."

"உங்க மேஜையா? பத்திரம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"வாடகை ஒப்பந்தம்?"

"அதும் இல்லீங்க."

"அப்புறம் எப்படி அங்க உக்காந்தீங்க?"

"நீங்க உக்காரச் சொன்னீங்க."

"சொன்ன நானே எடுத்துக்கிட்டேன். தப்புங்களா?"

நாச்சிமுத்து நிஜமாகவே யோசித்தார். மனதுக்குள் ஒவ்வொரு சட்டமாகப் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை.

"தப்புன்னு சொல்ல வழியில்லீங்க. மேஜை உங்களது. அந்தப் பொண்ணுக்கு எடம் குடுத்ததும் நல்ல காரியந்தான்." அவர் குரல் தணிந்தது. "ஒரு மூலைல ஸ்டூல் போட்டாக்கூட நான் உக்காந்துக்குவேன். ஆனா நேத்து போகையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே மேடம். நானே எடுத்து வெச்சிருப்பேன். சாமி படம் இருந்துச்சுங்க அதுல."

தமயந்தி எழுந்து வந்தார். பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினார். முருகன் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, தன் மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார். பிறகு தன் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். அந்தக் கட்டடத்துக்காரருக்கு நோட்டீஸ் எழுதணும். இன்னைக்கே போகணும். வியாழக்கிழமை அந்தக் கதவு தொறக்கணும்."

நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார். பழக்கம் விடவில்லை. "எந்தச் சட்டத்துலைங்க மேடம்?"

"சட்டத்தை நான் தேடிக்கறேன். அந்த ஒரு வார்த்தைய அந்தப் பொண்ணுகிட்ட எத்தனை நாள் முன்னாடி சொல்லியிருக்கணும்னு, அதை மட்டும் நீங்க எழுதுங்க."