நாலாவது சக்கரம்

"வண்டி மேட்டுல இழுக்க மாட்டேங்குது, தாயி" என்றார் ஒச்சப்பன்.

நூர்ஜஹான் நிமிர்ந்து பார்த்தாள். "எந்த மேட்டுல?"

"அஞ்சாவது வளைவுல. முதல் கியர் போட்டாலும் மூச்சு வாங்குது."

போடி மலையடிவாரத்து ஜீப் டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற ஒர்க்‌ஷாப்புகள் எல்லாம் கையை விரித்த பிறகுதான் நூர்ஜஹானைத் தேடி வருவார்கள். அவளுக்கு முப்பத்தி நாலு வயசு. ஒச்சப்பனுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் அத்தனை பேருக்கும் அவள் வாத்தியாரம்மாதான். வண்டியைப் பற்றிக் கேட்டால் வண்டிக்காரனைப் பற்றித் திருப்பிக் கேட்பாள் என்பது மட்டும் அவள் மேல் உள்ள புகார்.

ஒச்சப்பன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். டீசல் பில்டர் மாற்றியாயிற்று. ஏர் பில்டர் மாற்றியாயிற்று. பம்பையும் நாசிலையும் கழற்றிச் சோதித்தாயிற்று. கடைசியாக ஒருவர் இன்ஜின் ஹெட்டையே இறக்கிப் பார்த்துவிட்டு, இருபத்திரண்டு வருஷம் உழைத்தது போதும், வயசாகிவிட்டது, தள்ளிவிடுங்கள் என்றாராம். வண்டியைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று ஒச்சப்பனுக்கு இன்னும் சந்தேகம்.

வண்டி போனால் போகட்டும். ஆனால் அந்த வண்டியில் பதினோரு பெண்கள் இருந்தார்கள்.

தினமும் விடிகாலையில் அவர்களை ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப் போவதும், சாயங்காலம் இறக்கி வருவதும்தான் ஒச்சப்பனின் வாழ்க்கை. இரண்டு மாதமாக அவர்கள் அஞ்சாவது வளைவில் இறங்கி, தூறலில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நடந்தே மேடு ஏறினார்கள். நேரமாகிவிட்டது என்று தோட்டத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். நேற்று சனிக்கிழமை, திங்கட்கிழமையும் இப்படியே என்றால் வேறு ஜீப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள்.

"அவுக இல்லேன்னா நான் எதுக்குத் தாயி காலையில எந்திரிக்கணும்?"

நூர்ஜஹான் எழுந்தாள். பானட் பக்கம் போகவில்லை. ஜாக்கியையும் இரண்டு ஸ்பேனரையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"போவோம்ணே."

இன்ஜினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இதென்ன வைத்தியம் என்று ஒச்சப்பனுக்கு எரிச்சல். ஆனாலும் ஓட்டினார்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் பாதை கொஞ்ச தூரம் கீழே இறங்கும். அங்கே நிறுத்தச் சொன்னாள். நியூட்ரலில் போடச் சொன்னாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னாள். கைப்பிரேக்கும் வேண்டாம் என்றாள்.

வண்டி நின்றது. ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருண்டு ஓடிவிடும் சரிவு அது. வண்டி அசையவில்லை.

நூர்ஜஹான் இறங்கி ஓரமாக நின்றாள். ஒரு லாரி கடந்து போயிற்று. இன்னொரு லாரியும் போயிற்று.

"என்ன தாயி பாக்குற?"

"எப்ப உருளும்னு பாக்குறேன்."

"உருளாது" என்றார் ஒச்சப்பன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "என் வண்டி உருளவே உருளாது."

அவள் பாட்டிலைத் திறந்து பின்சக்கரத்துப் பிரேக் டிரம்மில் தண்ணீரை ஊற்றினாள்.

சுர்ரென்று ஆவி கிளம்பியது.

அடுத்த சக்கரத்தில் ஊற்றினாள். அதற்கடுத்ததிலும் ஊற்றினாள். நாலாவதிலும் ஆவி கிளம்பியபோது ஒச்சப்பன் இறங்கி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே உட்கார்ந்தபடி அவரே சொன்னார். போன ஆடி மாதம். நல்ல மழை. அஞ்சாவது வளைவில் பிரேக் குழாய் ஒன்று வெடித்து, வண்டி இருபதடி பின்னால் உருண்டு மண்மேட்டில் முட்டி நின்றது. சாவு ஒன்றும் இல்லை. முன்சீட்டில் அவர் பக்கத்தில் எப்போதும் உட்காரும் மொக்கத்தாயிக்கு மட்டும் இடது முழங்கை முறிந்தது. கட்டுப் பிரித்தபோது கை கோணலாகச் சேர்ந்திருந்தது.

மறுநாளே புதுக் குழாய் போட்டாயிற்று. பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஆனால் ஒச்சப்பனுக்கு மனசு பிடிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் பெண்கள் வருவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து, நாலு சக்கரத்திலும் பிரேக் திருகை ஒரு பல் அளவு இறுக்குவார். இரண்டு மாதமாகச் சக்கரங்கள் பிரேக்கோடு உரசியேதான் ஓடின. மெக்கானிக்குகளிடம் அவர் இன்ஜின் என்றுதான் சொன்னார். அவர்களும் பானட்டைத்தான் திறந்தார்கள்.

"ஒரு பல்லுதான் தாயி. தினம் ஒரே ஒரு பல்லு."

நூர்ஜஹான் ஸ்பேனரை நீட்டினாள்.

"நீ தளத்து" என்றார்.

"இறுக்குனது நானா?"

அவள் ஜாக்கி வைத்துத் தூக்க, அவர் தளர்த்தினார். முதல் சக்கரம் விடுபட்டு, கையால் தட்டியதும் சுற்றியது. பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

பின்பக்கம் இடதுசக்கரத்துக்கு வந்ததும் ஒச்சப்பனின் கை நின்றுவிட்டது.

"இது ஒண்ணு மட்டும் இப்படியே இருக்கட்டுமே, தாயி."

"ஏன்?"

அவர் ஸ்பேனரை உருட்டிக்கொண்டிருந்தார். கை முறிந்த பிறகு மொக்கத்தாயி முன்சீட்டில் ஏறியது கட்டோடு வந்த ஒரே ஒரு நாள்தான். இப்போதெல்லாம் கடைசியில், பின்கதவை ஒட்டி, இந்தச் சக்கரத்துக்கு மேலேதான் உட்காருகிறாள்.

"வண்டி உருண்டா குதிக்கத் தோதா உக்காந்திருக்கா" என்றார். "என்னைய நம்பல. அவ நம்பாதது நியாயந்தான்."

நூர்ஜஹான் ஜாக்கியை இறக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தச் சக்கரத்தை என்னால ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. யாரால முடியுமோ அவுககிட்ட போங்க."

ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கும்போது ஸ்பேனரை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் மொக்கத்தாயி வீட்டு வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கோணல் கை கொடி வரைக்கும் எட்டவில்லை. ஒற்றைக் கையால் சேலையை வீசி வீசிப் போட்டாள்.

வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்த ஒச்சப்பன் எதையும் மறைக்கவில்லை. தினமும் இறுக்கியதைச் சொன்னார். இரண்டு மாதமாக அவர்கள் நடந்தது தன்னால்தான் என்று சொன்னார். அந்த நாலாவது சக்கரத்தையும் சொன்னார். சொல்லிவிட்டு, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார்.

மொக்கத்தாயி கையிலிருந்த துணியை வாளியில் போட்டாள்.

"ஏண்ணே, நான் குதிக்கவா பின்னால போனேன்?"

"பெறகு?"

"முன்னால உக்காந்தா வளைவுக்கு வளைவு என் கையவே பாக்குற. கட்டோட ஏறுன அன்னைக்கு எதுத்தாப்புல பஸ்ஸு வந்ததுகூட உனக்குத் தெரியல. உன் கண்ணுல படாம இருந்தா நீ நிம்மதியா ஓட்டுவேன்னுதான் பின்னால போயி உக்காந்தேன்."

ஒச்சப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயசில் தெருவில் நின்று அழ வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுதார். அவள் சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக்கொண்டே, அவர் முடிக்கும் வரைக்கும் வேறு பக்கம் பார்த்தாள்.

"நாளைக்கு முன்னால வந்து உக்காரும்மா" என்றார்.

"ரோட்டைப் பாப்பியா?"

ஒச்சப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, நாலாவது சக்கரத்தைத் தளர்த்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.