ஆவுடையப்பன் துப்பிய காப்பி

"மேடம், நாலு வருஷமாச்சு. எங்கிட்ட இன்னும் என்ன குறை?"

கேட்ட ஆவுடையப்பனுக்கு ஐம்பது வயது. அவருடைய குரு தமயந்திக்கு முப்பத்தாறு. அடிஸ் அபாபாவில் காப்பியைச் சுவைத்துத் தரம் சொல்லும் கூடம் ஒன்றில் தமயந்தி வைத்ததுதான் சட்டம். அங்கே தானே தீர்ப்புச் சொல்கிற ஒரு தனி மேசை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஊரையும் கடையையும் விட்டு வந்திருந்தார் மனுஷன்.

நாக்கு மழுங்கிவிடும் என்று பூண்டை விட்டார். ஊறுகாயை விட்டார். போன வாரம் முப்பது கோப்பைகளில் ஒன்றை முகர்ந்ததுமே, இது ஒரே தோட்டத்தில் விளைந்தது, இதற்குத்தான் முதலிடம் என்றார். தமயந்தியின் தீர்ப்பும் அதுதான்.

"அதை விளைவிச்சவரைப் பாத்துட்டு வருவோம், சார்."

அவர் கேட்ட கேள்விக்குத் தமயந்தி சொன்ன பதில் இதுதான்.

இரண்டு நாள் பயணம். தெற்கே, மலைச்சரிவில், விவசாயி வர்க்குவின் வீடு.

விருந்தாளிகளுக்காகத் தரையில் பச்சைப் புல் பரப்பியிருந்தார்கள். வர்க்குவின் மனைவி கொட்டையைக் கண்ணெதிரே வறுத்தார், இடித்தார், மண் கூஜாவில் கொதிக்க வைத்தார். முதல் கோப்பையை ஆவுடையப்பனிடம் கொடுத்தார்.

ஆவுடையப்பன் கண்ணை மூடினார். சர்ரென்று உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். கை கழுவ வைத்திருந்த பாத்திரத்தில் துப்பினார்.

கூடத்தில் தினமும் செய்கிற வேலை. பழக்க தோஷம், வேறென்ன சொல்ல.

வர்க்குவின் மனைவி முகம் செத்துப்போனது. கூஜாவைக் கீழே வைத்துவிட்டார். வர்க்கு பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

தமயந்திக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியும்.

"விஷம் ஏதும் விழுந்துடுச்சான்னு கேக்கிறார்."

ஆவுடையப்பன் பதறிப்போனார். ஐயோ, அப்படியெல்லாம் இல்லை, இதுபோல ஒரு காப்பியைக் கண்டதே இல்லை என்றார். மல்லிகை வாசம், எலுமிச்சைப் புளிப்பு, கடைசியில் தேன் என்று அடுக்கினார். தமயந்தி ஒன்று விடாமல் சொன்னார்.

வர்க்கு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றார் மேடம்?"

"அப்புறம்னு கேக்கிறார்."

"அப்புறம்னா?"

"உள்ள போனப்புறம் எப்படி இருந்துச்சாம்?"

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு நாளைக்கு நாற்பது கோப்பை. நாலு வருஷம். நாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று வீட்டில்கூடக் காப்பியை நிறுத்தியிருந்தார். ஒரு வாய் முழுங்கியதில்லை.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தார்.

"தெரியலைன்னு சொல்லுங்க."

சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

வர்க்கு மனைவியைப் பார்த்தார். அவர் கூஜாவை எடுத்து மறுபடி ஊற்றினார்.

ஆவுடையப்பன் குடித்தார். முழுங்கினார். சூடு நெஞ்சு வழியாக இறங்கியது. அடுத்த வாய். அதற்கடுத்த வாய். கோப்பை காலி.

இந்தத் தடவை என்ன சொல்லப்போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேளுங்க மேடம்."

"அடிஸ் அபாபா திரும்பினதும் தனி மேசையில உக்காருங்க, சார்," என்றார் தமயந்தி.

அது அவர் காதில் விழவில்லை. கூஜா இன்னும் தன் பக்கம் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.