அசையாத படை

இங்கிலாந்து ராஜாவின் படையை விரட்டியடித்த கையோடு, அமெரிக்காவில் கேப்டன் வார்டன் ஒரு மாநிலத்துக்கு ஆளுநராகிவிட்டார். அவர் படையில் சிப்பாயாக இருந்த ஏமஸ், அவர் மாளிகையிலேயே எடுபிடி.

வெற்றி விருந்தில் ஆளுநர் நெஞ்சை நிமிர்த்தினார். "சொன்ன இடத்தை விட்டு என் ஆட்கள் அசைந்ததே இல்லை! ஏமஸ், நாளைக்குள் அத்தனை பேரையும் இங்கே கூட்டி வா. இல்லையென்றால் உனக்கு வேலை கிடையாது."

ஏமஸ் தட்டைக் கீழே வைத்தான்.

"நான் கூப்பிட்டால் வரமாட்டார்கள் ஐயா. 'நான் திரும்பி வரும்வரை அசையாதீர்கள்' என்று ஆற்றங்கரையில் சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போனீர்களே, இன்னும் அங்கேதான் கிடக்கிறார்கள். மண்ணைத் தள்ளி மூடியது நான். உங்கள் பேச்சை மீறி அசைந்தவன் நான் ஒருவன்தான்."

ஆளுநர் வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். பாட்டு தொடங்கியது. ஏமஸ் மறுபடி தட்டை எடுத்தான்.