முத்திரையில் முளைத்தது

செங்கமடையில் வாந்திபேதி வந்த வருஷம் அது. பாடைக்கு மூங்கில் கிடைக்காமல் பிணங்களைப் பாயில் சுருட்டிக்கொண்டு போனார்கள். நோய் விலக, ஜமீன்தார் தினமும் காலையில் தம் முத்திரை மோதிரத்தை அரண்மனைக் கிணற்றுநீரில் முக்கித் தருவார். ஜனங்கள் அதைத் தீர்த்தமென்று வரிசையில் நின்று குடித்தார்கள்.

கிருமி ஆராய வந்த கிருபாவதி, கிணற்றை மூடச் சொன்னாள். அந்தப் படிப்புப் படித்த பெண் அந்தச் சீமையில் அவள் ஒருத்திதான்.

"கிருமியா? பூதக்கண்ணாடி வித்தையெல்லாம் வேண்டாம். என் வெறுங்கண்ணுக்குக் காட்டு. இல்லையென்றால் பேதிக்காரர் கொட்டகையில் உன்னையும் போட்டுப் பூட்டிவிடுவேன்," என்றார் ஜமீன்தார். மோதிரத்திலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

கிருபாவதி தன் பெட்டியைத் திறந்தாள். கடற்பாசிக் கூழ் உறைந்திருந்த கண்ணாடித் தட்டை நீட்டினாள்.

"நாளைக்குக் காட்டுகிறேன், மகாராஜா. தட்டை நான் மாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. உங்கள் முத்திரையை இதில் பதித்துக் கொடுங்கள்."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அழுத்திப் பதித்து, தட்டை மூடித் தம் பெட்டியிலேயே பூட்டிக்கொண்டார்.

மறுநாள் தீர்த்தம் கொடுத்து முடித்துவிட்டுத் தட்டைத் திறந்தார். அவர் குலச் சின்னமான இரட்டை மீன், பூசணம்போல் வெளுத்துத் தடித்து வளர்ந்திருந்தது. செதில்கூடத் தப்பவில்லை.

"என்ன இது?"

"தீர்த்தத்தில் இருந்ததுதான், மகாராஜா. வயிற்றுக்குள்ளும் இப்படித்தான் வளரும்."

ஜமீன்தார் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை.

"இன்றைக்கு முதல் வாய் என் பேரனுக்குக் கொடுத்தேன்," என்றார்.

கிருபாவதி தன் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளை எங்கே என்று கேட்டாள்.