ஊருக்கே பராக்கு

முன்னொரு காலத்தில் முத்தாற்றூர் என்கிற நகரத்தை அடலேறு என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஒரு எண்ணம், வெயில் ஏறினால் வேறு எண்ணம்.

அந்த ஊருக்குப் படகுத்துறை வந்தது. வந்ததும் ஊர் ஊதிப் பெருத்துவிட்டது. நெசவு செய்கிறவர்கள் வந்தார்கள், செக்கு ஆட்டுகிறவர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பலகாரம் விற்க இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். தெரு மட்டும் அதே பழைய தெரு. ராஜவீதியில் காலையில் நுழைந்த வண்டி மத்தியானம்தான் வெளியே வரும்.

ராஜாவுக்கு இது தெரியாது. எப்படித் தெரியும்? அவர் ரதம் கிளம்பினால் கட்டியக்காரன் முன்னால் ஓடி, "பராக்! பராக்!" என்று கத்துவான். ஜனங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். ராஜாவைத் தவிர அந்த மரியாதை ஊரில் இன்னும் ஒரே ஒருவருக்கு: புஜங்கராயருக்கு. சபையில் பெரிய பிரபு. தூங்கி எழுந்து முகம் கழுவப் போனாலும் பராக்கு கேட்கிற ஆள்.

ஒருநாள் ராஜாவின் சாப்பாட்டில் மீன் நாறியது. சமையல்காரனைக் கூப்பிட்டால், "மகாராஜா, துறையில் துள்ளிய மீன்தான். ராஜவீதியில் மாட்டிக்கொண்டு இப்படி ஆகிவிட்டது," என்று அழுதான்.

சபை கூடியது.

"தெரு குறுகல், மகாராஜா. ஓரத்தில் இருக்கும் குயவர் தெருவை இடித்துத் தள்ளினால் என் ரதமும் உங்கள் ரதமும் ஜோடியாகப் போகலாம்," என்றார் புஜங்கராயர்.

"இடி!" என்றார் ராஜா.

சேதி கேட்டு, குயவர் தெருக் காத்தாயி சூளைக் கரி படிந்த கையோடு சபைக்கே ஓடி வந்தாள். "மகாராசா! சூளையில தீ வெச்சாச்சு. பாதி வெந்த பானையத் தூக்கிக்கிட்டு, பிள்ளைகுட்டியோட நாங்க எங்க போறது? இந்த ஐயா ரெண்டு மாளிகை வெச்சிருக்காரே, ஒண்ணுல எங்கள உட்காரச் சொல்வாரா?"

சபையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

மந்திரி திருமேனி எழுந்தார். "மகாராஜா, தெருவை அகலமாக்காமலே நெரிசலைத் தீர்க்கலாம். சந்தை நாள்வரை பொறுங்கள்."

"தீராவிட்டால் முதல் கடப்பாறையை மந்திரியே போடட்டும்," என்றார் புஜங்கராயர்.

"சரி, அப்படியே. ஆனால் மகாராஜா, சந்தை நாளில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பராக்கு மரியாதை கொடுக்க வேண்டும்."

"என்னது! எண்ணெய் விற்கிறவனுக்கும் எனக்கும் ஒரே பராக்கா?" என்று துள்ளினார் புஜங்கராயர்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் ராஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கொடுத்தேன்!" என்றார்.

சந்தை நாள் விடிந்தது. ஊரில் சும்மா இருந்த மச்சான்கள் எல்லோருக்கும் அன்றைக்குக் கட்டியக்கார வேலை கிடைத்தது.

"எண்ணெய்ச் சக்கரவர்த்தி வருகிறார், பராக்!"

"கத்தரிக்காய்க் காவலர் வருகிறார், விலகு!"

"நீ விலகுடா! எங்க மாமா பருத்தி மூட்டைக்கே அதிபதி!"

அதற்கு நடுவில் ராஜாவின் ரதமும் புஜங்கராயரின் ரதமும் வந்து சிக்கின. கட்டியக்காரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு சக்கரம்கூட நகரவில்லை. ராஜாவின் தோளை ஒரு மாடு நக்கிப் பார்த்தது.

"எல்லோரும் விலகச் சொன்னால் யாரய்யா விலகுவது?" என்று கத்தினார் ராஜா.

"தினமும் நடப்பதுதான் மகாராஜா," என்றார் ரதத்தின் பக்கத்தில் நடந்து வந்த திருமேனி. " இன்றைக்குச் சத்தம் போட அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் எழுந்து நின்று பாருங்கள். ஒரு வண்டியில் எத்தனை பேர்?"

ராஜா எழுந்து பார்த்தார். இவ்வளவு பெரிய வண்டி, இரண்டு மாடு, உள்ளே ஒரு தொப்பை. அடுத்ததிலும் ஒரு தொப்பை. திரும்பிப் பார்த்தால் தன் ரதத்திலும் அதே கதை.

"தெருவை அடைத்திருப்பது ஜனம் இல்லை, காலி இடம்," என்றார் திருமேனி. கையைத் தட்டினார். "கடைசியில் நிற்கிற வண்டி முதலில் திரும்பட்டும்! எல்லாவற்றையும் ஏரிக்கரைத் திடலில் அவிழ்த்துவிட்டு வாருங்கள்!"

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கோயில் பக்கம் தயாராக நின்ற மூன்று நீள வண்டிகள் வந்தன. மரம் இழுக்கிற வண்டிகள்தான், குறுக்கே பலகை போட்டிருந்தது. ஆளுக்கொரு வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் அந்த மூன்றில் ஏறிவிட்டார்கள். மூட்டைகளை ஏற்ற, பின்னால் இன்னொரு வண்டி. முன்னால் ஒரே ஒருவன், "பராக்!" என்று ஓடினான்.

ராஜாவும் ஏறினார். இடப்பக்கம் கத்தரிக்காய்க்காரர், வலப்பக்கம் எண்ணெய்க்காரர். துறை வரும்வரை அவர்கள் பேசிய ஊர்வம்பில் ராஜா இறங்கவே மறந்துவிட்டார். தெருவில் இரண்டு கோழிகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"அதே தெருதானா மந்திரி?"

"அதே தெருதான் மகாராஜா. ஒரு சாண்கூடக் கூடவில்லை."

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். "குயவர் தெருவில் ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது. நீள வண்டிகள் தினமும் ஓடட்டும். இனிமேல் பராக்கு அவற்றுக்கு மட்டும்தான். எனக்கும் கிடையாது, புஜங்கராயருக்கும் கிடையாது. மந்திரி, உமக்கு என்ன வேண்டும்?"

"குயவர் தெரு முனையில் வண்டி நிற்க வேண்டும், மகாராஜா."

"நிற்கும்!" என்ற ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

மறுநாள் பராக்கு இல்லாத ரதத்தில் புஜங்கராயர் கிளம்பினார். யாரும் விலகவில்லை. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் நீள வண்டிக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, சரிகை அங்கவஸ்திரத்தைத் தூரத்திலிருந்தே பலகைமேல் எறிந்து இடம் பிடித்தார்.

குயவர் தெரு முனையில் வண்டி நின்றது. இடுப்பில் ஒரு பானை, கையில் ஒரு பானையோடு காத்தாயி ஏறினாள். உட்கார இடமில்லை. சுற்றிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் சூளையிலிருந்து எடுத்த, கரி போகாத பெரிய பானையைப் பட்டு வேட்டி மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்க ஐயா. இறங்கும்போது வாங்கிக்கிறேன்."

புஜங்கராயர் வாயைத் திறந்தார். வண்டியே அவரைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு, பானையை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்.