ஈர வேட்டி அதிகாரி

நெடுங்கரை நாட்டு அரசவையில் வடமலையப்பர் என்றொரு விகடகவி இருந்தார். அவர் வாயைத் திறந்தால் அவையே சிரிக்கும். ஆனால் அன்று அவைக்கு வந்தது சிரிக்க முடியாத ஒரு வழக்கு.

எதிரே, முறிந்த காலில் மூங்கில் பத்தை கட்டியபடி வெற்றிலைக்காரர் மாடக்கண்ணு நின்றார். முந்தின நாள் ஆற்றுப்பாலத்தில் அவர் மிதித்த பலகை உடைந்து கால் உள்ளே போய்விட்டது. வெற்றிலைக் கூடை ஆற்றோடு போயிற்று. அது போதாதென்று அவர்மேலேயே வழக்கு!

"அரசரின் பாலத்தை உடைத்துவிட்டான், மகாராஜா! ஊரைவிட்டே துரத்த வேண்டும்" என்றார் பாலத்துக்குப் பொறுப்பான அதிகாரி சேந்தனார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"நடந்து போனதுதான் சாமி நான் செஞ்ச குத்தம். புள்ளகுட்டியோட எங்க போவேன்?" என்று அழுதார் மாடக்கண்ணு.

அரசர் மீசையைத் தடவினார். "சேந்தனாரே, பலகை உளுத்தது உமக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் சும்மா இருந்திருந்தால் குற்றம் அரண்மனையுடையது."

"சத்தியமாகத் தெரியாது! நேற்றுவரை பாலம் கல் மாதிரி இருந்தது. இவன் குதித்திருப்பான்."

வடமலையப்பருக்கு மனசு பொறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில்தான் விடை கிடைத்தது.

"சேந்தனாரே, உங்கள் வீடு எங்கே?"

"அக்கரையில். ஏன்?"

"இல்லை, வேட்டி முழங்கால்வரை ஈரமாக இருக்கிறதே என்று கேட்டேன்."

சேந்தனார் சளைக்கவில்லை. "நேற்றுதான் இவன் பாலத்தை உடைத்துவிட்டானே! அதனால் இன்று பரிசலில் வந்தேன். இறங்கும்போது நனைந்தது."

"இன்று மட்டுமா?"

"இன்று மட்டும்தான்!"

"அப்படியானால் உங்கள் இருக்கைக்குக் கீழே இவ்வளவு பாசி எப்படிப் பிடித்தது?"

அவை மொத்தமும் குனிந்து பார்த்தது. எத்தனையோ மாதமாக வேட்டி சொட்டிச் சொட்டி, கல்தரையில் பச்சைப்பசேலென்று பாசி! சேந்தனார் காலால் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மாடக்கண்ணு, தப்பு எங்களுடையது. கால் குணமாகும்வரை உன் குடும்பத்துக்கு அரண்மனையில்தான் சாப்பாடு. சேந்தனாரே, பலகை உளுத்தது தெரிந்துதானே இத்தனை மாதமாகப் பரிசலில் வந்தீர்? இனி உமக்குப் பரிசல் கிடையாது. பாலத்தில்தான் வரவேண்டும்!"

மூன்றே நாளில் பாலத்தின் பலகைகளெல்லாம் புதிதாயின.

"வடமலையப்பரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"முதலில் அந்தப் பாசியைக் கழுவச் சொல்லுங்கள், மகாராஜா. யாராவது வழுக்கி விழுந்தால், தெரியாது என்று இனி நீங்களும் சொல்ல முடியாது!"