செண்பகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

சீடன் குருவைத் தேடிப் போனான் என்று கதையை ஆரம்பித்தால், உடனே மரத்தடியும் தாடியும் கண்ணுக்கு வந்துவிடும். இங்கே அதெல்லாம் கிடையாது. குருவுக்கு வயது முப்பத்து நாலு, பெயர் எப்சிபா. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு எதிரே, செருப்புக்கடை மாடியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறவள். முன்னே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினாள். சென்டரை மூடிவிட்டார்கள். டீச்சர் என்கிற பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது.

சீடனுக்கு ஐம்பத்தேழு வயது. ஆவுடையப்பன். இருபத்தொன்பது வருஷம் லாரி ஓட்டியவர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றினால் நாக்பூரில் போய்த்தான் மூச்சு விடுவார். வருஷத்துக்கு ஆறு தடவை வீட்டுக்கு வருவார், வந்தால் மூன்று நாள், நாலு நாள். போன ஆடியில் கண் டெஸ்டில் தேறவில்லை. வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஏழு மாசம் ஆகிறது.

மாடிப்படி ஏறி வந்த மூச்சு வாங்கல் அடங்குமுன்பே கேட்டார்.

"டீச்சர், கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும். வீட்டுல பொம்பளைக்கு."

"ரெடியா இருக்கு அண்ணாச்சி. எடுத்துட்டுப் போங்க."

"ரெடியா வேண்டாம். நானே சேக்கணும், என் கையால. நீங்க சொல்லித் தாங்க. செலவும் ரொம்பக் கையக் கடிக்கக் கூடாது."

"எதுக்கு இந்தப் பாடு? வாங்கிக் குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாக?"

"வாங்கிக் குடுத்ததெல்லாம் நெறையக் கெடக்கு. சூரத்துச் சேலை, ஜெய்ப்பூர் வளையல், எல்லாம் அட்டப்பெட்டியோட பீரோவுல கெடக்கு."

எப்சிபா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "சரி. ஏன் கம்ப்யூட்டர்?"

ஆவுடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "கல்யாணம் ஆன புதுசுல ஒரு டைப் மெஷின் கேட்டா. டைப்ரைட்டிங் பரீச்சையில பாஸ் பண்ணினவ. அடுத்த டிரிப்புல பாப்போம்னேன்."

"அப்புறம்?"

"அந்த டிரிப்பு இன்னும் வரல டீச்சர்."

"அவ்வளவுதானா?"

 அவர் உடைத்துச் சொல்லிவிட்டார். "அவ எங்கூட பேச மாட்டேங்கா. சண்டையெல்லாம் கெடையாது. சண்டை போட்டாலாவது தேவல. சோறு போடுதா, துணி தொவைக்கா, மாத்திரை எடுத்துத் தாரா. பேச்சுதான் இல்ல. இந்தக் கம்ப்யூட்டரப் பாத்தாவது ரெண்டு வார்த்தை பேசுவாளான்னு பாக்கேன்."

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வீட்டில் விருந்தாளிக்கென்று மஞ்சள் கரை போட்ட துண்டு ஒன்று இருந்தது. இருபத்தொன்பது வருஷமாக அவர் வந்து இறங்கும் அன்றைக்குச் செண்பகம் அதை எடுத்துக் கொடுப்பாள், கிளம்பியதும் துவைத்து மடித்து உள்ளே வைப்பாள். இந்த ஏழு மாசமும் அதே துண்டுதான் கொடியில் தொங்கியது. அவள் துண்டு வேறு கொடியில். அதைப் பார்க்கும்போதெல்லாம், எப்ப கிளம்புறீய என்று யாரோ கேட்பதுபோல அவருக்கு இருக்கும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க," என்றாள் எப்சிபா. "மோதிரத்தக் கழட்டி வச்சுட்டு வாங்க, போர்டுல உரசிரும்."

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. மூடிப்போன ஓர் ஆபீஸிலிருந்து வந்த மதர்போர்டு, எல்லாவற்றையும் உள்ளே அடக்க ஒரு பக்கம் நசுங்கிய டப்பா, யாரோ திருப்பிக் கொடுத்த மானிட்டர். பவர் சப்ளை மட்டும் புதுசாக வாங்கச் சொன்னாள். அதில் மிச்சம் பிடித்தால் எல்லாம் சேர்ந்து புகைந்துவிடும் என்றாள்.

லாரி எஞ்சினையே நடுரோட்டில் பிரித்துப் போட்டவர்தான். ஆனாலும் அந்தக் குட்டி ஸ்க்ரூக்கள் அவர் விரலுக்கு அடங்கவில்லை. ஒன்று கீழே விழுந்தால் அரை மணி நேரம் தரையைத் தடவுவார். எப்சிபா உதவிக்கு வரமாட்டாள். நல்ல கல்நெஞ்சக்காரி. தன் வேலையைப் பார்த்துக்கொண்டே எதையாவது கேட்பாள்.

"அக்கா கண்ணாடி போடுவாகளா?"

"போட மாட்டா... போடுவாளோ?"

"தெரியாதா?"

"எதுக்குக் கேக்கீய?"

"மானிட்டர எவ்வளவு தள்ளி வைக்கணும்னு பாக்கணும்லா."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கவனித்தார். செண்பகம் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்கினாள். கறுப்பு பிரேம், கழுத்தில் கயிறு. கயிறே நிறம் வெளுத்துப் போயிருந்தது. எப்போது வாங்கினாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால், இத்தனை நாள் பார்க்கவில்லையா என்று அவள் திருப்பிக் கேட்பாளே. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"போடுதா," என்றார் மறுநாள்.

"எந்த வருஷத்துலேருந்து?"

"அது எதுக்கு டீச்சர்? மானிட்டருக்கு அதுவுமா தெரியணும்?"

எப்சிபா சிரித்தாள். 

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, டப்பாவுக்குள் வைக்காமலே முதல் தடவை கரண்ட் கொடுத்தார்கள். காற்றாடி சுற்றியது. ஆவுடையப்பன் "ஓடுது, ஓடுது!" என்று கத்தியதில் கீழே செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. தேதி 2010 ஜனவரி 1. அதற்குக் கீழே ஏதோ இங்கிலீஷில் இரண்டு வரி.

"என்ன டீச்சர் சொல்லுது?"

"தேதி சரியில்லன்னு சொல்லுது. சரியான தேதியப் போடுங்கன்னு கேக்குது."

"பழுதா?"

"கேக்கத்தான செய்யுது. பதில் சொல்லலாம். நேரமில்லன்னா எஃப் ஒன் பட்டன அமுக்கலாம். கேக்கிறத விட்டுட்டு மேல போயிரும்."

அவர் எஃப் ஒன்னை அமுக்கினார். மேலே போனது.

தினமும் கடை அடைக்கும்போது எப்சிபா மெயின் சுவிட்சை அணைப்பாள். மறுநாள் காலையில் மறுபடியும் 2010 ஜனவரி 1. ஐந்தாம் நாள் அவர் படிக்கவில்லை, விரல் தானாகப் போய் அமுக்கியது. எப்சிபா அதைப் பார்த்தாள். 

ஆறாம் நாள் மத்தியானம் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜன்னலோரம் மேசை போட்டு, வயரெல்லாம் சொருகி, எஃப் ஒன்னை அமுக்கி, தமிழில் டைப் அடிக்க அடிக்கத் தானாகச் சேமித்துக்கொள்கிற பக்கத்தைத் திறந்து வைத்தார். சட்டை நனைந்துவிட்டது.

"செண்பகம், இங்க கொஞ்சம் வா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "யார் வீட்டுது இது?"

"நம்ம வீட்டுது. உனக்குத்தான். நானே செஞ்சேன். டைப் மெஷின் கேட்டேல்லா?"

செண்பகம் மேசையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.  டைப் மெஷின் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று நினைத்து, எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஆவுடையப்பன் எப்சிபாவிடம் தனியாகப் படித்து வந்திருந்தார்.

"இந்தா, இதுதான் 'அ'. இத..."

அவள் விரல் பத்தும் ஓடத் தொடங்கின. கீபோர்டைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சொத்தை விற்பவரும் வாங்குபவரும் சம்மதித்து எழுதிக்கொண்ட கிரயப் பத்திரம் என்று ஒரு வரி, நாலு எல்லையும் கிழக்கு மேற்கு வடக்கு தெற்காக இன்னொரு வரி. அவர் முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது வரி வந்துவிட்டது. அங்கே நிறுத்திக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க படிச்ச இத?"

"பத்திர ஆபீஸ்ல பதினோரு வருஷம் இதத்தான அடிச்சேன்."

எங்கேயோ போய் வருகிறாள் என்கிற அளவுக்கு அவருக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டதில்லை. "நீ சொல்லவே இல்லையே."

"சேந்த அன்னைக்கே போன்ல சொன்னேன். சரின்னீய."

"நான் வரும்போது நீ வீட்டுலதான இருப்ப?"

"நீங்க வந்தா லீவு போட்டுருவேன்."

"இப்ப போறதில்லையே?"

"கழுத்து எலும்பு தேஞ்சுபோச்சு. இனிமே கீபோர்டத் தொடாதீகன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷமாச்சு. அதையும் சொன்னேன். நாக்பூர் தாண்டிட்டோம்னு சொன்னீய."

"அதுக்கும் சரின்னா சொன்னேன்?"

"சரின்னுதான் சொன்னீய."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். செண்பகம் எழுந்தாள். மானிட்டரின் ஓரத்தை விரலால் ஒரு தடவை தடவினாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீய. துணி போட்டு மூடி வைங்க, தூசி அடையும்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மூடுவதற்குத் துணி தேடினார். எந்த அலமாரியில் எந்தத் துணி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கொடியில் தொங்கிய மஞ்சள் கரைத் துண்டை எடுத்து மூடினார். மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு தூரத்தில் இருக்க முடியுமா என்று இருந்தது. நாக்பூரில் படுத்துக் கிடந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை.

மறுநாள் பத்து மணிக்கு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"இத நீங்களே வச்சுக்கோங்க டீச்சர். யாருக்காவது குடுங்க."

"அக்கா வேண்டாம்னாகளா?"

"வேண்டாம்னு சொல்லல. மூடி வைக்கச் சொன்னா."

"மூடித்தான வைக்கச் சொன்னாக. திருப்பிக் குடுக்கச் சொல்லலையே."

அவர் நடந்ததைச் சொன்னார்.   முடிந்ததும் எப்சிபா வயர்களைச் சொருகி மெயினைப் போட்டாள். கறுப்புத் திரை. 2010 ஜனவரி 1. ஆவுடையப்பனின் விரல் எஃப் ஒன்னுக்குப் போனது. அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏன் டீச்சர் தினம் தினம் இதையே கேக்குது?"

"நாலு நாள் கழிச்சு இப்பத்தான் நீங்க கேக்கீய."

கரண்டை அணைத்து டப்பாவைத் திறந்தாள். மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருந்தது. அதை நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கரண்ட் இல்லாத நேரத்துல இதுதான் மணிய எண்ணிட்டு இருக்கும். இது செத்துப்போச்சு. கரண்ட் இருக்கிற வரைக்கும் ஒழுங்கா ஓடும். பிளக்கப் பிடுங்கி, மறுபடி போட்டா பழைய தேதியிலேருந்துதான் எந்திரிக்கும்."

"அப்ப போர்டு கெட்டுப்போகலையா?"

"நல்ல போர்டு. அக்கா நேத்து அடிச்ச மூணு வரி எழுத்து மாறாம உள்ள இருக்கும் பாருங்க. அணைஞ்சு கெடந்த நாளுதான் இதுக்குக் கணக்குல இல்ல."

ஆவுடையப்பன் உள்ளங்கையை மூடினார்.  கீழே மார்க்கெட்டில் யாரோ தக்காளிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவ சொல்லிட்டேதான் இருந்திருக்கா டீச்சர்," என்றார் கடைசியில். "நான்தான் பாவி, சரி சரின்னு வச்சுட்டேன்."

எப்சிபா புது பேட்டரி ஒன்றை நீட்டினாள். அவரே பொருத்தினார். இந்தத் தடவை எதுவும் கீழே விழவில்லை. கரண்ட் போட்டதும் அதே திரை வந்தது, தேதி கேட்டு நின்றது.

"புதுசு போட்டும் கேக்குதே?"

"போன காலத்த பேட்டரி கொண்டு வராது. இனிமே விடாம எண்ணும், அவ்வளவுதான். இன்னைக்கு என்னன்னு யாராவது ஒரு தடவ சொல்லணும்."

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். எப்சிபா மெயினை அணைத்துவிட்டாள்.

"ஏன் அணைச்சீய? தேதி எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டு போய், அக்காகிட்ட கேட்டுப் போடுங்க."